ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. சிடுமூஞ்சி மெக்கானிக் என்று கேட்டால் போதும், யாரும் என் பட்டறைக்கு வழி காட்டிவிடுவார்கள். கார்புரேட்டர் வைத்த பழைய வண்டிகளை மட்டும் பார்க்கிறேன். வண்டிகள் பொய் சொல்வதில்லை. வைத்திருப்பவர்கள் சொல்வார்கள்.

நாள்கணக்கில் நின்றுபோன வண்டி என்றால் எல்லோரும் ஒரே பொய்யைத்தான் சொல்வார்கள். "சும்மாதான் நின்னுச்சு, யாரும் தொடல." யாரும் தொடாத வண்டியை நான் இதுவரை பார்த்ததில்லை. எல்லாம் தெரிந்த மச்சான் ஒருவர் வந்து ஏதாவது ஒரு திருகைத் திருகிவிட்டுப் போயிருப்பார். அதை மட்டும் விட்டுவிட்டு மீதி எல்லாவற்றையும் என்னிடம் சொல்வார்கள்.

அந்த வியாழக்கிழமை காலையில் ஃபோனில் பேசிய அம்மாவும் அப்படித்தான் ஆரம்பித்தார்.

"ரெண்டு வருஷமா நிக்குது தம்பி. யாரும் ஓட்டல. சனிக்கிழமை என் கொழுந்தன் வந்து எடுத்துட்டுப் போறார். அதுக்குள்ள கிளம்பற மாதிரி பண்ணிக் குடுக்கணும்."

"கிளம்பலேன்னா கட்டி இழுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

"எங்க சந்துக்குள்ள இழுக்கிற வண்டி நுழையாது. தானா கிளம்பி வெளிய போனாத்தான் உண்டு. இல்லேன்னா இங்கயேதான் கிடக்கும். அது இங்க கிடக்கக் கூடாது."

பழைய வண்டியைத் தள்ளிவிட நினைப்பவர்கள் சலித்துக்கொண்டு பேசுவார்கள். இந்த அம்மா சலித்துக்கொள்ளவில்லை. மருந்துச் சீட்டைப் படிப்பது போல ஒரே குரலில் சொன்னார்.

போனதும் முதல் சண்டை எனக்கும் ஒரு கட்டிலுக்கும்தான். வண்டி நிற்கும் கொட்டகை வீட்டுக்குப் பின்னால். அதன் கதவு உள்பக்கம் பூட்டியிருந்ததால் வீட்டு வழியாகத்தான் போக வேண்டும். முன்னறை முழுக்க ஜன்னல் திரைத் துணிகள், நடுவில் ஒரு தையல் மெஷின். அந்த அம்மா திரை தைப்பவர். துணிக்கு மேல் கால் வைக்கக் கூடாதே என்று ஒதுங்கியதில், நடைவழியை அடைத்துக்கொண்டு கிடந்த இரும்புக் கட்டிலில் முழங்காலை நன்றாக இடித்துக்கொண்டேன்.

"நடக்கிற வழியில யாராவது கட்டில் போடுவாங்களா?"

"நான் அங்கதான் படுக்கறேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வண்டிக்குச் சம்பந்தமில்லாத சங்கதி என்று நானும் விட்டுவிட்டேன்.

அடுத்த அறையில் அவருடைய வீட்டுக்காரர் தலையணைகளில் சாய்ந்து படுத்திருந்தார். இரண்டு வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டனவாம். இடது கை மட்டும் உயிரோடு இருந்தது. என் கருவிப் பெட்டியை ஒருமுறை, என்னை ஒருமுறை பார்த்தார். கட்டிலை ஒட்டியிருந்த ஜன்னல் நேரே கொட்டகையைப் பார்த்துத் திறந்திருந்தது. கட்டிலுக்கு இந்தப் பக்கம் இடம் காலியாக இருந்தது. தரையில் நான்கு துரு வட்டங்கள் தெரிந்தன. எதையாவது பார்த்தால் அதற்கு முன் அங்கே என்ன இருந்திருக்கும் என்று யோசிப்பது எனக்குத் தொழில் புத்தி. அதை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும்.

கொட்டகைக்கு வந்ததும் அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார். "அவருக்கு இந்த வண்டி இருக்கறதே பிடிக்கல தம்பி. அதான் அனுப்பிடறேன்."

"அவரே சொன்னாரா?"

"வாயால எப்படிச் சொல்லுவார்? ஆனா காமிச்சுட்டார்."

வண்டிமேல் ஒரு உறை போர்த்தியிருந்தது. கடையில் விற்கும் சாக்கு மாதிரியான உறை இல்லை. ஆளுக்குச் சட்டை தைப்பது போல அளவெடுத்து, திரைத் துணியில் இரட்டைத் தையல் போட்டு, பக்கக் கண்ணாடிகளுக்குக்கூடத் தனித்தனியாகக் குல்லா வைத்துத் தைத்த உறை. ஒழியட்டும் என்று நினைக்கிற வண்டிக்கு யாரும் குல்லா தைக்க மாட்டார்கள். உறைக்குள்ளே வெளிர் பச்சையில் நான்கு கதவு வண்டி, உருண்டை விளக்குகளோடு, என்னை விட இரண்டு மூன்று வயது மூத்தது.

நான் முதலில் சாவியைத் தொடுவதில்லை. நின்ற வண்டியை வந்ததும் வராததுமாக முடுக்கிப் பார்ப்பவன், மயங்கிக் கிடப்பவனை உலுக்கிப் பெயர் கேட்பவன். முதலில் முகர்ந்து பார்ப்பேன். பெட்ரோல் தொட்டியின் மூடியைத் திறந்தேன். பழைய வார்னிஷ் வாடை. எதிர்பார்த்ததுதான். பாட்டரி செத்திருந்தது, அதுவும் எதிர்பார்த்ததுதான். டயர்கள் தரையில் படிந்த இடத்தில் தட்டையாகிவிட்டிருந்தன. ஆக, வண்டி இந்த இடத்தைவிட்டு நகரவில்லை. அந்த அம்மா சொன்னது உண்மைதான் என்று ஒரு நிமிடம் நம்பினேன்.

அப்புறம் எஞ்சினில் எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியை உருவினேன். எண்ணெய் மேல் கோட்டுக்கும் ஒரு விரற்கடை மேலே நின்றது. விரலில் தேய்த்தால் தண்ணீராக ஓடியது. பெட்ரோல் நாற்றம் வேறு.

நின்ற வண்டியில் எண்ணெய் குறையலாம், ஏறாது. வறண்ட மாடு திடீரென்று கறக்குமா? பெட்ரோல்தான் எண்ணெயில் போய்ச் சேர்ந்திருக்கிறது. அப்படிச் சேர இரண்டு வழிதான் சாதாரணமாக உண்டு. பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் சவ்வு கிழிந்து கசிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் எரிய வேண்டியதற்கு மேல் பெட்ரோல் போய், எரியாத மிச்சம் கீழே வழிந்திருக்க வேண்டும். பம்பைக் கழற்றிப் பிரித்தேன். சவ்வு புதுசு போல இருந்தது. சந்தேகப்பட்டதற்கு மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்ப மாட்டினேன்.

தீப்பொறி தரும் பிளக்குகளைக் கழற்றினேன். நான்கும் கரி. சிம்னி விளக்கின் கண்ணாடி மாதிரி உலர்ந்த, பஞ்சு பஞ்சான கரி. ஒன்று மட்டும் கறுத்திருந்தால் அந்த ஒன்றின் கோளாறு. நான்கும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் எஞ்சினுக்கு மூச்சு போதவில்லை. காற்று வடிகட்டியைப் பார்த்தேன், சுத்தம். மிச்சம் ஒன்றுதான். வண்டிக்குள் தலையை விட்டேன். சோக் குமிழ் முழு நீளத்துக்கும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

சோக் என்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. குளிர்ந்து கிடக்கும் எஞ்சின் எழும்புவதற்காக, காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டுகிற குமிழ். இழுத்தால் எஞ்சின் எழும்பும். எழும்பிய கொஞ்ச நேரத்தில் திரும்ப உள்ளே தள்ளிவிட வேண்டும். தள்ளாவிட்டால் எஞ்சினுக்கு மூச்சு முட்டும், தன் கரியைத் தானே தின்னும்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், ஆனால் பிளக்கில் மறைக்க முடியாது. முன்னறைக்குப் போய் (கட்டிலைச் சுற்றிக்கொண்டுதான் போனேன்) நான்கு பிளக்குகளையும் தையல் மெஷின் பலகையில் வைத்தேன்.

"யாரும் தொடலன்னு சொன்னீங்க. இந்த வண்டி ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல, அம்பது தடவையாவது ஓடியிருக்கு. நின்ன எடத்துலயே. யார் அது?"

அந்த அம்மா பிளக்குகளைத் துணி மேலிருந்து நகர்த்தி வைத்துவிட்டு நிதானமாக என்னைப் பார்த்தார். "ஓட்டலன்னுதானே சொன்னேன். ஸ்டார்ட் பண்ணலன்னு சொன்னேனா?"

ஃபோனில் அவர் சொன்னதை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். உண்மைதான்.

"நான்தான். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை. அஞ்சு நிமிஷம். அவர் நல்லா இருக்கும்போது ஞாயிற்றுக்கிழமையானா வண்டியை எடுக்காம இருக்க மாட்டார். ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததும், சத்தமாவது கேக்கட்டும், மனசுக்கு ஆறுதலா இருக்கும்னு நெனச்சேன். முப்பது வருஷம் பக்கத்துல ஒக்காந்து பாத்திருக்கேன், எனக்குத் தெரியாதா? அந்தக் குமிழை இழுப்பார், சாவியைத் திருப்புவார். அதையே செஞ்சேன்."

"திரும்ப உள்ள தள்ளுவாரே. அதைப் பாக்கலையா?"

"எப்பத் தள்ளுவார்?"

"கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும். தெரு திரும்பற எடத்துல, அங்க இங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். "தெருமுனை வரைக்கும் நான் எப்பவும் பைக்குள்ள கையை விட்டுட்டு இருப்பேன். வீட்டுச் சாவியை எடுத்து வச்சேனா இல்லையான்னு."

முப்பது வருடம் ஒருவர் குமிழைத் தள்ளியிருக்கிறார், அதே நேரத்தில் இன்னொருவர் சாவியைத் தேடியிருக்கிறார். நான் எத்தனையோ கோளாறுகளைப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

"அப்புறம் ஏன் நிறுத்தினீங்க?"

"அவருக்குப் பிடிக்கல." கைகள் துணியை மடிக்க ஆரம்பித்தன. "ஸ்டார்ட் ஆகற வரைக்கும் ஒண்ணும் இருக்காது. அப்புறம் கத்த ஆரம்பிப்பார். கட்டில் சட்டத்தைப் போட்டு அடிப்பார். நிறுத்திட்டு ஓடி வந்தா, கையை முஷ்டியா வச்சுக்கிட்டு என்னைப் பாத்துக் குத்திக் குத்திக் காட்டுவார். போ, போன்னு. வாராவாரம். பழகிடும்னு ஒரு வருஷத்துக்கு மேல பாத்தேன். கடைசியில அவர் மொகத்தைப் பாக்கவே பயமாப் போச்சு. எட்டு மாசம் முன்ன நிறுத்தினேன். கட்டிலையும் இங்க கொண்டாந்து போட்டுட்டேன். என்னைக் கண்டாலே ஆகலேன்னா நான் அங்க படுத்து என்ன? வண்டியும் கண்ணுல படலேன்னா நிம்மதியா இருப்பார்."

சொல்லி முடித்ததும் மடித்த துணியை உதறி மறுபடி மடித்தார். நான் பிளக்குகளைப் பொறுக்கிக்கொண்டு திரும்பினேன். ஆறுதல் சொல்வது என் வேலை இல்லை. சொன்னாலும் எனக்கு நன்றாக வராது.

மத்தியானம் வரைக்கும் வேலை சரியாக இருந்தது. தொட்டியையும் எண்ணெயையும் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினேன். கார்புரேட்டரின் கிண்ணம் வறண்டு, அடியில் பழுப்புப் பிசின் காய்ந்து, பெட்ரோலை உள்ளே விடும் ஊசி அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுத்தம் செய்தேன். பிளக்குக்கு மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்பும் பாயிண்டுகளைத் தேய்த்தேன், பிளக்குகளின் கரியைத் துடைத்தேன், நான் கொண்டுவந்த பாட்டரியை வைத்தேன். வீட்டுக்குள்ளிருந்து தையல் மெஷின் சத்தம் வந்துகொண்டே இருந்தது. ஒருதரம் நடுவில் நின்றது. குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்த அம்மா, "ஊசி மழுங்கிடுச்சு, சத்தத்துலயே தெரிஞ்சுது, மாத்திட்டேன்" என்றார்.

எதற்கென்று தெரியாமல் கேட்டேன். "உங்க வீட்டுக்காரர் என்ன வேலை பாத்தார்?"

"அச்சகத்துல மெஷின் ஓட்டினார். பக்கத்து ரூம்ல ஒக்காந்து பேசிட்டு இருப்பாராம், திடீர்னு எழுந்து ஓடுவாராம், தாள் ரெண்டு ரெண்டா போகுதுன்னு. காது அப்படி. எனக்கென்ன காது, அவர் காதுக்கு முன்னால."

கையிலிருந்த டம்ளரை நான் உடனே திருப்பிக் கொடுக்கவில்லை. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்று சொன்னவர் யாரோ, அவருக்கு எஞ்சின் தெரியாது. சோக்கை இழுத்தபடி ஒரு எஞ்சினை ஓடவிட்டால் எனக்கே கை கால் பதறும். பட்டறையில் யாராவது அப்படிச் செய்தால் தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி கத்துவேன். வாய் மட்டும் இல்லையென்றால் நானும் கட்டில் சட்டத்தைத்தான் அடித்திருப்பேன்.

ஆனாலும் அப்போது எதுவும் சொல்லவில்லை. ஓட்டிப் பார்க்காமல் சொல்லும் காரணம் வெறும் ஜோசியம். நான் சொல்லி, அது பொய்த்துப்போனால், அந்த அம்மா மறுபடியும் ஒருமுறை அதே கட்டிலில் போய்ப் படுக்க வேண்டும்.

பம்பின் கைப்பிடியை இருபது தடவை அழுத்திக் கிண்ணத்தை நிரப்பினேன். பிறகு அவரைக் கூப்பிட்டேன்.

"நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க. ஞாயிற்றுக்கிழமை எப்படிப் பண்ணுவீங்களோ, அப்படியே."

"வேணாம் தம்பி. அவர்..."

"கொஞ்ச நேரம்தான். நான் இருக்கேன்."

அவர் ஏறி உட்கார்ந்தார். குமிழை இழுத்தார், சாவியைத் திருப்பினார். இரண்டு முறை இருமிவிட்டு மூன்றாவதில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. எட்டு மாதம் கழித்து எழுந்த எஞ்சினுக்கு அது மரியாதையான ஆரம்பம். நான் ஜன்னலோரம் போய் நின்றேன். படுக்கையில் இருந்தவர் அசையவில்லை. கண் மட்டும் கூரையில் இருந்தது, கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு நிமிடம். சத்தம் கனக்க ஆரம்பித்தது. இரண்டு நிமிடம். எஞ்சின் நொண்டியது, பின்னால் கறுப்பாகப் புகை வந்தது. எனக்குப் பல் கூசியது. அதே நொடியில் கட்டில் சட்டத்தில் இடி விழுந்தது. அவர் கத்தினார், வார்த்தை இல்லாத கத்தல். முகம் கோணி, கண் சிவந்து, முஷ்டியை முன்னால் குத்திக் குத்திக் காட்டினார்.

வண்டிக்குள் அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். "பாத்தீங்களா? நிறுத்திடறேன்."

"நிறுத்தாதீங்க!" நான் அந்த முஷ்டியைப் பார்த்தேன். யாரையும் அடிக்கிற முஷ்டி இல்லை. விரல்கள் எதையோ பிடித்திருந்தன, கட்டை விரல் அதன் தலைமேல் இருந்தது. "அம்மா, அந்தக் குமிழை உள்ள தள்ளுங்க."

"எதை?"

"இழுத்தீங்களே, அதை. மெல்ல, முழுசா உள்ள."

தள்ளினார். எஞ்சின் ஒருமுறை தடுமாறி, மூச்சை இழுத்து, சீராக ஓட ஆரம்பித்தது. புகை நின்றது. ஜன்னலில் முஷ்டி பாதி வழியில் நின்று, விரல் விரலாகப் பிரிந்து, போர்வைமேல் விழுந்தது. அவர் தலை தலையணையில் சாய்ந்தது.

அந்த அம்மா கண்ணைத் திறந்து ஜன்னலைப் பார்த்தார். பிறகு, நான் சொல்லாமலே, குமிழை வெளியே இழுத்தார். சத்தம் கனத்தது, ஜன்னலில் முஷ்டி எழுந்தது. உள்ளே தள்ளினார். முஷ்டி இறங்கியது. அவர் மறுபடியும் இழுத்தார்.

"அம்மா, போதும்! இப்பதான் பிளக்கைத் தொடச்சேன்!" என்று நான் கத்த, ஜன்னலிலிருந்து வேறு மாதிரி ஒரு சத்தம் வந்தது. சிரிப்பாக இருக்கலாம். அவருடைய சிரிப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கும்; எஞ்சினை ஓடவிட்டபடியே இறங்கி ஜன்னலுக்கு ஓடினார்.

"ஏங்க. இதையா சொன்னீங்க? இவ்வளவு நாளும் இதையா?"

அவர் கண்ணை மூடித் திறந்தார்.

"நான் என்னைப் போகச் சொல்றீங்கன்னு நெனச்சேங்க. நான் ஆகாதவளாயிட்டேன்னு நெனச்சேன். எட்டு மாசம் அந்த ரூம்ல..." ஜன்னல் கம்பியை உள்ளங்கையால் அடித்தார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடா..."

பாதியில் நிறுத்திக்கொண்டார். அப்புறம்தான் அழுதார். கம்பிக்குள் கையை விட்டு அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு, எஞ்சின் சத்தத்தைவிட உரக்க அழுதார். அந்தக் கை பிடிபட்டபடியே இருந்தது.

நான் போய் எஞ்சினை நிறுத்திவிட்டு, தேவையே இல்லாமல் ஒரு திருகை இறுக்கிக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்ததும் கேட்டேன். "சனிக்கிழமை உங்க கொழுந்தன் வர்றாரே?"

"வரட்டும். அண்ணனைப் பாத்துட்டு, நாலு வார்த்தை பேசிட்டு, வந்த மாதிரியே போகட்டும்."

"வாரம் அஞ்சு நிமிஷம் நின்ன எடத்துலயே ஓட்டினா மறுபடியும் கெட்டுப்போகும். அரை மணி நேரமாவது ரோட்டுல ஓடணும்."

"அப்ப ஓட்டக் கத்துக்கறேன்." அதை ஃபோனில் பேசிய அதே குரலில் சொன்னார். "தம்பி, கையைக் கழுவிட்டு உள்ள வாங்க. ஒரு முனை பிடிக்கணும்."

வண்டி வேலை தவிர வேறு எதிலும் கை வைக்க மாட்டேன் என்று எல்லோரிடமும் கறாராகச் சொல்கிறவன் நான். கையைக் கழுவிக்கொண்டு போனேன். இரும்புக் கட்டில் நினைத்ததைவிட கனம். வாசற்படியில் சாய்த்துத் திருப்பும்போது அதே முழங்காலில் மறுபடியும் இடித்தது. இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டேன். அறைக்குள் கொண்டுபோய், நான்கு கால்களையும் பழைய துரு வட்டங்களின்மேல் சரியாக இறக்கினோம். இரண்டு கட்டிலுக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கிற இடைவெளி இருந்தது.

படுத்திருந்தவர் அதைப் பார்த்தார். இடது கையைத் தூக்கி, முஷ்டியை மடக்கி, தன் பக்கமாக இழுத்துக் காட்டினார்.

அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை, என்னவென்று கேட்கவும் இல்லை. தன் முனையைப் பிடித்துத் தள்ளினார். நானும் தள்ளினேன், இரண்டு கட்டிலும் இடிக்கிற வரைக்கும்.